ஆட்சிக்கவிழ்ப்பு இன்னோர் ஆட்சிக்கவிழ்ப்பை எப்படி அழைத்துவருகிறது: சுரிநாம் லெப்டினென்ட் ராம்போக்கஸின் வாழ்க்கை வழியாக ஒரு விளக்கம்

தேர்தல் வழியாகவோ நாடாளுமன்ற வாக்கெடுப்பு வழியாகவோ அல்லாமல், அரசின் உள்ளேயே இருக்கும் ஒரு சிறு குழு திடீரென்று பலத்தைக் காட்டி ஆட்சியைக் கைப்பற்றுவதையே ஆட்சிக்கவிழ்ப்பு என்கிறோம். அந்தக் குழு பெரும்பாலும் படையினராகவே இருக்கும். புரட்சி, கலகம், உள்நாட்டுப் போர் ஆகியவற்றோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். புரட்சிக்கு மக்கள் திரள் வேண்டும். உள்நாட்டுப் போருக்கு இரண்டு படைகளும் மாதக்கணக்கான, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கான சண்டையும் வேண்டும். கலகம் என்பது மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிய மறுப்பது. அதைச் செய்பவர்கள் ஆட்சியைக் கேட்க வேண்டியதில்லை. ஆட்சிக்கவிழ்ப்புக்கோ சில பத்துப் பேரும், ஓர் இரவும், ஒரு படைமுகாமும், ஒரு வானொலி நிலையமும் போதும். அரசின் இயந்திரத்தை அது உடைப்பதில்லை. இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதை ஓட்டுபவரை மட்டும் கீழே இறக்கிவிடுகிறது.

இதனால் பாதிக்கப்படுபவர்களில் நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒருவர், அதே படையில் பணியாற்றும் சட்டத்தை மதிக்கும் அதிகாரி. நாட்டின் அரசியலமைப்புக்கும் சட்டபூர்வமான அரசுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று அவர் உறுதிமொழி எடுத்திருக்கிறார். அந்த அரசே இல்லாமல் போய், அரசியலமைப்பும் நிறுத்தி வைக்கப்பட்டால், அவருடைய உறுதிமொழி யாருக்குச் செல்லும்? முகாமில் கட்டளையிடுபவருக்கா, நேற்று வரை இருந்த சட்டத்துக்கா? தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள சுரிநாம் என்ற சிறிய நாட்டில் இந்தக் கேள்வியைத் துப்பாக்கியோடு எதிர்கொண்டவர் லெப்டினென்ட் சுரேந்திரே ராம்போக்கஸ். 1982 டிசம்பர் 8 அன்று, 29 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்சிக்கவிழ்ப்பு என்ற கருத்தின் எல்லா அடுக்குகளும் அவருடைய வாழ்க்கையில் வந்துபோகின்றன. ஆகவே அதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கயானாவுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் நடுவில், பிரேசிலுக்கு வடக்கே உள்ள சுரிநாம், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் டச்சுக்காரர்களின் குடியேற்ற நாடாக இருந்தது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். 1863இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகும், மேலும் பத்து ஆண்டுகள் அவர்கள் தோட்டங்களிலேயே கட்டாயமாக வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கெடு முடிந்த 1873இல், ஜூன் 5 அன்று, லல்லா ரூக் என்ற கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916 வரை ஏறத்தாழ 34,000 பேர் இவ்வாறு வந்தார்கள். மலேயாவுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் சென்ற நம் மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. ஆனால் சுரிநாமுக்குச் சென்றவர்கள் சென்னையிலிருந்து அல்ல, கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய வடஇந்தியர்கள், பெரும்பாலும் போஜ்புரி பேசியவர்கள். 1953இல், நெல் விளையும் மேற்கு மாவட்டமான நிக்கெரியில் பிறந்த ராம்போக்கஸ் அந்த இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர்.

1975 நவம்பர் 25 அன்று சுரிநாம் சுதந்திரம் பெற்றது. ஹெங்க் ஆரோன் பிரதமரானார். யோஹான் ஃபெரியர் குடியரசுத் தலைவரானார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமானவர்கள் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை புரியும். படித்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் வெளியேறிய ஒரு நாடு, டச்சு உதவித் தொகையையும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் ஏற்றுமதியையும் நம்பி, புதிதாக ஒரு படையையும் வைத்துக்கொண்டு நின்றது. அந்தப் படைக்குப் போரிடப் பெரிய எதிரி யாரும் இல்லை. ஆனால் முகாமுக்குள்ளேயே மனக்குறைகள் நிறைய இருந்தன.

படையின் அடுக்குமுறையை அறியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. எந்தப் படையிலும் இரண்டு வகை மேலாளர்கள் உண்டு. லெப்டினென்ட், கேப்டன், கர்னல் போன்றவர்கள் ராணுவக் கல்லூரியில் பயின்று நேரடியாக நியமனம் பெறும் அதிகாரிகள். சார்ஜெண்ட், சார்ஜெண்ட் மேஜர் போன்றவர்கள் சிப்பாய் நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர்கள். அன்றாடம் வீரர்களை நடத்துவது அவர்கள்தான், ஆனால் பதவி வரிசையில் மிக இளைய லெப்டினென்ட்கூட அவர்களுக்கு மேலானவர். ராம்போக்கஸ் நெதர்லாந்தில் பிரெடா நகரில் உள்ள அரச ராணுவக் கல்விக்கழகத்தில் பயின்ற அதிகாரி, அதாவது முதல் வகை. நாட்டின் தலைவிதியை மாற்றியவர்களோ இரண்டாம் வகையினர்.

அவர்களில் முதன்மையானவர் தேசி பௌட்டர்சே. 1945இல் பிறந்த அவர், 1968இல் நெதர்லாந்து சென்று, அங்கே படையில் சேர்ந்து, ஜெர்மனியில் இருந்த டச்சு முகாமிலும் பணியாற்றி, சுதந்திரத்தின்போது தாயகம் திரும்பியவர். சார்ஜெண்டுகள் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் வேண்டும் என்று கேட்டார்கள். டச்சுப் படையில் அப்படிச் சங்கம் வைக்கும் உரிமை இருந்ததை அவர்கள் நேரில் கண்டிருந்ததால், கேட்டதில் வியப்பில்லை. ஆரோன் அரசு அதை ஏற்க மறுத்தது. சங்கத் தலைவர்கள் மூவரைக் கைதுசெய்து விசாரணைக்கு நிறுத்தியது. அவர்கள் மீதான தீர்ப்பு வெளிவரவிருந்ததற்கு முந்தைய நாள், 1980 பிப்ரவரி 25 அதிகாலையில், பதினாறு சார்ஜெண்டுகள் தலைநகர் பரமரிபோவில் மெம்ரே புக்கு படைமுகாமைக் கைப்பற்றினார்கள். ரோந்துப் படகு ஒன்றையும் பிடித்து, அதன் பீரங்கியால் ஆற்றிலிருந்து காவல்துறைத் தலைமையகத்தைச் சுட்டு எரித்தார்கள். அடுத்த மாதம், மார்ச் 27 அன்று, பொதுத் தேர்தல் நடக்கவிருந்தது. ஒரு சங்கத் தகராறு ஓர் அரசைக் கவிழ்த்த கதை இது. மற்ற நாடுகளில் தளபதிகள் திட்டமிட்டுச் செய்யும் வேலையை இங்கே சம்பளமும் சங்கமும் கேட்டவர்கள் செய்தார்கள். வேலையில்லாமையாலும் ஊழல் புகார்களாலும் சலித்திருந்த மக்களில் கணிசமானோர் தொடக்கத்தில் அதை வரவேற்கவே செய்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆட்சியைப் பிடித்த மறுநாளே அதைப் பிடித்தவர்களுக்கு ஒரு சிக்கல் எழுகிறது. துப்பாக்கி அவர்களை உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆனால் வரி வசூலிக்கவும், வெளிநாட்டு உதவி பெறவும், அலுவலர்களைப் பணிய வைக்கவும் சட்டத்தின் போர்வை தேவைப்படுகிறது. ஆகவே ஆட்சிக்கவிழ்ப்பாளர்கள் பழைய அமைப்பில் ஏதேனும் ஒரு பகுதியை விட்டு வைப்பது வழக்கம். சுரிநாமில் குடியரசுத் தலைவர் ஃபெரியர் பதவியில் நீடித்தார். மருத்துவரான ஹெங்க் சின் ஆ சென் மார்ச் மாதத்தில் பிரதமராக்கப்பட்டார். பார்ப்பதற்குக் குடிமக்கள் அரசு. உண்மையான அதிகாரம் கவிழ்ப்பாளர்களின் தேசிய ராணுவக் குழுவின் கையில். இந்த ஏற்பாடு ஆறு மாதம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 13 அன்று அரசியலமைப்பு நிறுத்திவைக்கப்பட்டது, ஃபெரியர் விலகினார், சின் ஆ சென் குடியரசுத் தலைவராகவும் ஆனார். 1982 பிப்ரவரியில் அவரும் பௌட்டர்சேயோடு ஒத்துப்போக முடியாமல் பதவி விலகினார். இரண்டே ஆண்டுகளில் போர்வை முழுவதும் விலகி, சார்ஜெண்ட் மேஜராக இருந்த ஒருவர், படைத் தளபதி என்ற முறையில், நாட்டின் உண்மையான ஆட்சியாளராகி நின்றார்.

பூட்டை உடைத்து வீட்டுக்குள் வந்தவர், அடுத்து வருபவரிடம் பூட்டுக்கு மரியாதை கொடு என்று சொல்ல முடியாது. ஆட்சிக்கவிழ்ப்பு மேலும் ஆட்சிக்கவிழ்ப்புகளை அழைப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். பலம் இருந்தால் போதும் என்ற விதியை முதல் குழுவே நிறுவிவிடுகிறது. தேர்தலும் நீதிமன்றமும் இல்லாத நிலையில், அதிருப்தி கொண்டவர்களுக்கு மிஞ்சும் வழியும் அதுவே ஆகிவிடுகிறது. 1980 மே மாதத்திலேயே, டச்சுப் படையில் நீண்ட காலம் பணியாற்றிய சுரிநாம்காரர் ஃபிரெட் ஆர்ம்ஸ்கெர்க், எதிர்க்கவிழ்ப்புக்குத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் படையினரின் பிடியில் உயிரிழந்தார். 1981 மார்ச்சில் சார்ஜெண்ட் மேஜர் வில்ஃபிரட் ஹாக்கர் ஒரு முயற்சியில் இறங்கித் தோற்றுச் சிறை சென்றார். வெளியே ஒரே குரலாகத் தெரிந்த படைக்குள், யார் யாரை எப்போது வீழ்த்துவார் என்ற சந்தேகம் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

ராம்போக்கஸின் முறை 1982 மார்ச் 11இல் வந்தது. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் மெம்ரே புக்கு முகாமைக் கைப்பற்றினார்கள். சிறையிலிருந்த ஹாக்கரை விடுவித்துத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். தங்கள் குழுவுக்குத் தேசிய விடுதலைக் குழு என்று பெயரிட்டு, மக்களாட்சியை மீட்பதே நோக்கம் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சார்ஜெண்டுகள் செய்ததும் இதே முகாமில்தான், ஏறத்தாழ இதே முறையில்தான். ஆனால் இந்த முறை பௌட்டர்சே ஜீலாண்டியா கோட்டையைக் கைவிடவில்லை. சுரிநாம் ஆற்றங்கரையில் உள்ள அந்தப் பழைய கோட்டையே அவருடைய தலைமையிடம். நகரின் ஒரு பகுதியில் உள்ள முகாம் ஒருவரிடமும், மற்றொரு பகுதியில் உள்ள கோட்டை இன்னொருவரிடமும் இருந்த நிலையில், எஞ்சிய படையினர் எந்தப் பக்கம் சாய்வது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் கேள்வியானது. ஆட்சிக்கவிழ்ப்பைச் சுடும் திறமையின் போட்டி என்று நினைப்பது தவறு. யார் வெல்வார் என்று மற்றவர்கள் போடும் கணக்குத்தான் அதன் மையம். அந்தக் கணக்கு ராம்போக்கஸுக்கு எதிராக முடிந்தது.

முயற்சி விரைவிலேயே சிதறியது. சண்டையில் காயமடைந்து பிடிபட்ட ஹாக்கர், விசாரணை எதுவும் இல்லாமல், ஸ்ட்ரெச்சரில் கிடந்த நிலையிலேயே மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ராம்போக்கஸ் தப்பியோடிப் பின்னர் பிடிபட்டார். ஹாக்கரைப் போல அவரை உடனே கொல்லாமல் விட்டதால்தான் வழக்கு என்ற ஒன்றே நடந்தது.

ராணுவ நீதிமன்றம் என்பது படையினரின் குற்றங்களைப் படைச் சட்டப்படி விசாரிக்கும் தனி நீதிமன்றம். கட்டளை மீறல், பணியிடத்தை விட்டு ஓடுதல், கலகம் போன்றவை அங்கேதான் செல்லும். ராம்போக்கஸும் அவருடைய தோழர்களும் அத்தகைய நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்கள் மூவர்: ஜான் பாபுராம், முன்னாள் நீதித்துறை அமைச்சரான எடி ஹோஸ்ட், ஹரோல்ட் ரீடவால்ட். அந்த வழக்கில் இருந்த முரண்பாடு சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும். சட்டபூர்வமான அரசைக் கவிழ்க்க முயன்றதாக ஒருவரைக் குற்றம் சாட்ட வேண்டுமானால், கவிழ்க்கப்படவிருந்த அரசு சட்டபூர்வமானதாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை அகற்றி, அரசியலமைப்பையே நிறுத்திவைத்தவர்களின் ஆட்சி அந்தத் தகுதியைப் பெறுமா? பெறும் என்றால், அது வென்றது என்பதைத் தவிர வேறென்ன காரணம்? நீதிமன்றம் இந்தக் கேள்விக்குள் புகுந்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்களின் பட்டியல் நீண்டுவிடும். ராம்போக்கஸுக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சார்ஜெண்ட் ஜீவன்சிங் ஷியோம்பருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் செய்ததும் ஓர் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெற்றி பெற்றிருந்தால் அவர் சொன்னபடி தேர்தலை நடத்தியிருப்பாரா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. மக்களாட்சியை மீட்கவே வந்தோம் என்று சொல்லாத கவிழ்ப்பாளர் உலகில் அரிது. ஆயினும் என் பார்வையில் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1980இல் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. குறைகளைத் தீர்க்க வேறு வழிகள் திறந்திருந்தன. 1982இல் நாடாளுமன்றம் இல்லை, அரசியலமைப்பு இல்லை, தேர்தல் தேதியும் இல்லை. வழிகளை அடைத்தவர்களுக்கும், அடைபட்ட பிறகு சுவரில் மோதியவர்களுக்கும் ஒரே அளவுகோலை வைப்பது எளிது. சரியா என்பதுதான் ஐயம்.

அந்த ஆண்டின் இறுதிக்குள் எதிர்ப்பு முகாம்களிலிருந்து வீதிக்கு வந்துவிட்டது. தாய்ச்சங்கம் என்று மக்கள் அழைத்த பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் சிரில் டால் வேலைநிறுத்தங்களை முன்னின்று நடத்தினார். அக்டோபர் இறுதியில் கிரெனடாவின் பிரதமர் மாரிஸ் பிஷப் அரசு விருந்தினராக வந்தபோது, அவரை வரவேற்கக் கூடியவர்களைவிட டாலின் கூட்டத்துக்கு வந்தவர்கள் அதிகம். வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் பல்கலைக்கழகத்தினரும் மக்களாட்சிக்குத் திரும்பும்படி வலியுறுத்தினார்கள். ஆட்சி அச்சம் கொள்ளத் தொடங்கிய நேரம் அது.

டிசம்பர் 7 பின்னிரவில், எதிர்ப்பாளர்களாகக் கருதப்பட்டவர்கள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு ஜீலாண்டியா கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். ராம்போக்கஸும் ஷியோம்பரும் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். டிசம்பர் 8 அன்று 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் சிரில் டால், பத்திரிகையாளர்கள், வானொலி நிலைய உரிமையாளர் ஆந்த்ரே காம்பெர்வீன், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வணிகர் எனப் பலர் இருந்தனர். ராம்போக்கஸுக்காக நீதிமன்றத்தில் நின்ற பாபுராம், ஹோஸ்ட், ரீடவால்ட் ஆகிய மூவரும் அதே இடத்தில் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவரும் அவருக்காக வாதாடியவர்களும் ஒரே மதில் அருகே மாண்ட வழக்குகள் வரலாற்றில் மிகக் குறைவு. பிடித்துச் செல்லப்பட்டவர்களில் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெட் டெர்பி ஒருவர் மட்டுமே உயிரோடு விடுவிக்கப்பட்டார். அதே இரவில் தாய்ச்சங்கத்தின் கட்டடமும் எதிர்ப்புக் குரல் கொடுத்த வானொலி நிலையங்களும் எரிக்கப்பட்டன.

தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பது பௌட்டர்சே நாட்டுக்குச் சொன்ன விளக்கம். பிணவறையில் உடல்களைப் பார்த்தவர்கள் முகத்திலும் மார்பிலும் குண்டுக் காயங்களையும், அடித்துத் துன்புறுத்தியதற்கான அடையாளங்களையும் கண்டார்கள். ஓடுபவருக்கு முன்பக்கம் குண்டு பாய்வது எப்படி என்று கேட்கவும் அன்று யாருக்கும் துணிவில்லை. நெதர்லாந்து உடனடியாக உதவித் தொகையை நிறுத்தியது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். 1985இல் அந்தக் குழு, அவர்களுடைய உயிர் வாழும் உரிமை தான்தோன்றித்தனமாகப் பறிக்கப்பட்டது என்று முடிவு கூறியது. பாபுராமின் பெயரால் அறியப்படும் அந்த முடிவு இன்றும் பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது.

உள்நாட்டில் நீதி கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆனது. 1986இல், பௌட்டர்சேயின் மெய்க்காவலராக இருந்த ரோனி பிரன்ஸ்வைக்கின் தலைமையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1987 நவம்பரில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அரசையும் 1990 டிசம்பர் 24 அன்று படை ஒரு தொலைபேசி அழைப்பில் பதவி விலகச் செய்தது. முதல் கவிழ்ப்புக்குப் பீரங்கி தேவைப்பட்டது. பத்தாண்டுகளில் ஓர் அழைப்பே போதுமானதாகிவிட்டது. சுரிநாமில் கொலை வழக்கைத் தொடர்வதற்கான கால வரம்பு 18 ஆண்டுகள் என்பதால், அது முடிவதற்குச் சற்று முன்பு, 2000ஆம் ஆண்டில், நீதிமன்ற உத்தரவின்படி டிசம்பர் கொலைகளுக்கான விசாரணை தொடங்கப்பட்டது. வழக்கு 2007 நவம்பர் 30 அன்று நீதிமன்றத்துக்கு வந்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2010இல், முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்ட பௌட்டர்சே நாடாளுமன்றத்தின் வழியாகக் குடியரசுத் தலைவரானார். இம்முறை துப்பாக்கியில்லாமல், வாக்குகளின் துணையோடு வந்தார் என்பது இந்தக் கதையில் புதிதாகப் படிப்பவரை மிகவும் திகைக்க வைக்கும் பகுதி. 1980க்குப் பின் பிறந்த வாக்காளர்களில் பலருக்கு டிசம்பர் 8 பாடநூல் செய்தியாக மட்டுமே இருந்தது என்பது ஒரு காரணம்.

பொதுமன்னிப்புச் சட்டம் என்ற கருத்தையும் இங்கேயே விளக்கிவிடலாம். ஒரு மோதல் முடிந்த பிறகு, இரு தரப்பினரும் ஆயுதத்தைக் கீழே வைப்பதற்காக, அந்தக் காலத்துக் குற்றங்களுக்கு வழக்கு இல்லை என்று நாடாளுமன்றம் அறிவிப்பதே பொதுமன்னிப்பு. உள்நாட்டுப் போருக்குப் பின் 1992இல் சுரிநாமில் அப்படி ஒரு சட்டம் வந்தது. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. 2012 ஏப்ரல் 4 அன்று நாடாளுமன்றம் அதை 1980 ஏப்ரல் வரை பின்னோக்கி நீட்டி, டிசம்பர் கொலைகளையும் அதற்குள் கொண்டுவந்தது. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரே நாட்டின் தலைவராக இருக்கும்போது அவருக்கு மன்னிப்பு அளிக்கும் சட்டம் அது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்று போரை முடிக்கப் பிறந்தது, மற்றொன்று வழக்கை முடிக்க. வழக்கு சில ஆண்டுகள் தடைபட்டாலும் ராணுவ நீதிமன்றம் அதை விட்டுவிடவில்லை. 2019 நவம்பர் 29 அன்று, பௌட்டர்சே சீனாவில் அரசுமுறைப் பயணத்தில் இருந்தபோது, அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2020 தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பொதுமன்னிப்புச் சட்டத்தை ரத்துசெய்தது. 2023 டிசம்பர் 20 அன்று மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. 2024 ஜனவரியில் சிறைக்கு வர வேண்டிய நாளில் அவர் வரவில்லை. தலைமறைவாகவே இருந்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று 79 வயதில் இறந்தார்.

அந்தத் தீர்ப்பு 15 பேரின் கொலைக்கானது. 1980 பிப்ரவரி 25 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்த்ததற்காகப் பதினாறு சார்ஜெண்டுகளில் யாரும் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை. அரசைக் கவிழ்க்க முயன்ற குற்றத்துக்காக அந்த ஆண்டுகளில் தண்டனை பெற்றவர்கள், முயன்று தோற்ற ராம்போக்கஸும் அவரைப் போன்றவர்களுமே.